அவிலா தலைக் காசு

"நேத்து பிடிச்சு விட்ட மூக்கு எங்கட்டி போச்சு?" என்று பெர்பேத்து அக்கா முற்றத்திலிருந்து கேட்டபோது, டெல்பின் உள்ளறையில் அன்று காலை கூரியரில் வந்த பழைய காசுகளை வெள்ளைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள். பெர்பேத்து அக்கா பக்கத்து வீடு. ஏலக்கூடத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்று முடித்துவிட்டு வந்து, குளித்து, கால்களை நீட்டி உட்கார்ந்து, நீட்டிய கால்களின் மேல் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, தலையை உருட்டி, தாடையை நீவி, மூக்கைப் பிடித்து விடுவாள். தூத்துக்குடி நங்கூரத் தெருவில் அவள் கால் மேல் கிடக்காமல் வளர்ந்த முகமே கிடையாது. அவள் பிடித்துவிட்ட மூக்குகள் துறைமுகத்திலும் துபாயிலும், ஏன், பங்குக் கோயில் பீடத்திலும்கூட நிமிர்ந்து நிற்பதாகத் தெருவே சொல்லும். அப்படிப்பட்டவள் ஒரு மூக்கைக் காணோம் என்றால் அது காணாமல்தான் போயிருக்க வேண்டும்.

டெல்பின் வந்து குனிந்து பார்த்தாள். அக்காவின் கால் மேல் கிடந்த கைக்குழந்தை அவிலா பல் முளைக்காத வாயைத் திறந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. கண்களுக்கு நடுவில் நேற்றுவரை இருந்த சின்ன மேடு இன்று இல்லை. துவாரம் இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன. மேடு மட்டும் படிந்துபோய், நெற்றியில் வைத்த விரல் எங்கும் தடுக்காமல் உதடு வரை வழுக்கிக்கொண்டு வந்தது.

"சளியா இருக்கும்க்கா."

"சளி பிடிச்சா மூக்கு ஒழுகும். ஓடிப்போகாது," என்றாள் பெர்பேத்து அக்கா, வெந்நீரைக் கையில் ஏந்தியபடியே.

டெல்பின் உள்ளே காசுகளிடம் போனாள், பயம் வரும்போது கைக்கு ஒரு வேலை கொடுப்பதுதான் அவள் வழக்கம். அவிலா வயிற்றில் இருந்தபோது டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட, கணவன் இக்னேசி கப்பலில் ஃபிட்டர் வேலையாக ஏதோ ஒரு கடலில் மிதந்துகொண்டிருக்க, படுக்கையில் போனைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த பழக்கம்தான் இந்தப் பழைய காசு. ஆன்லைனில் கலவையாக மொத்த லாட்டு வாங்குவாள், பிரிப்பாள், நல்லதைத் தனியாக விற்பாள். படத்தை வைத்துக் காசின் கண்டிஷனைச் சொல்வதில் அவளை ஏமாற்ற ஆளில்லை. விற்கிறவன் வெளிச்சத்தை நேராக அடித்துப் படம் எடுத்திருந்தால் தேய்மானத்தை ஒளிக்கிறான் என்று அர்த்தம். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மேடும் பள்ளமும் உள்ளதைச் சொல்லும். மேடான இடம்தான் முதலில் தேயும், ராணியானாலும் ராஜாவானாலும் முதலில் மூக்கு, பிறகு புருவம், பிறகு கன்னம், காதுக்கு மேலே உள்ள முடி, கடைசியில் உதடு. பளபளப்பு கண்டிஷன் ஆகாது. பளபளப்பு என்றால் எவனோ தேய்த்துக் கழுவியிருக்கிறான், காலம் போர்த்திவிட்ட தோலை உரித்திருக்கிறான். கான்வென்டில் படித்தபோது காலையில் வரிசையில் நிற்கவைத்து நகத்தையும் காலரையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த சிஸ்டர்களிடமிருந்து அவளுக்கு வந்த கண் அது. காசைப் பார்க்க வருகிற அக்கம்பக்கத்தாரையும் அவள் அதட்டி அதட்டியே பழக்கியிருந்தாள்: "ஓரத்தைப் பிடிங்க. முகத்துல விரல் படக்கூடாது. பட்டா தேஞ்சிரும்." தெருவில் மளிகைக் கடைக்காரர்கூட இப்போது சில்லறையை ஓரம் பிடித்துத்தான் கொடுத்தார்.

வெள்ளைத் துணியில் அந்த லாட்டிலிருந்து ஒரு கால் அணா கிடந்தது. கருப்பட்டி நிறத்துச் செப்புக் காசு. படத்தில் பார்த்தபோதே அவளுக்குத் தெரியும், ராணியின் தலை முழுதும் போய் வெறும் வட்டம். எந்தக் கண்டிஷனிலும் சேராது, எடைக்குத்தான் போகும். காலையில் உறையைப் பிரித்தபோதும் அப்படித்தான் இருந்தது. இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் அதன் நடுவில் சின்னதாக ஒரு மேடு நிழல் போட்டது. டெல்பின் லென்சை எடுத்தாள். மேல்நோக்கிச் சற்றே தூக்கிய, நுனியில் உருண்ட, பக்கவாட்டில் பார்த்த ஒரு மூக்கு. ராணிக்கு அப்படி மூக்கு கிடையாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலிலும் அவள் செய்த முதல் வேலை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்து, பிள்ளையை ஒரு கையிலும் காசை ஒரு கையிலும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்ப்பது. பிள்ளைக்குப் புருவம் போனது, காசுக்குப் புருவம் வந்தது. பிள்ளைக்குக் கன்னத்து உருட்சி அடங்கியது, காசில் கன்னம் உருண்டது. அவிலா பிறக்கும்போதே இடது காது மடலில் அரிசி அளவுக்குக் கடித்தெடுத்தது போல ஒரு சின்ன வெட்டு இருக்கும். அந்தக் காது மெல்ல மெல்லத் தலையோடு தலையாகப் படிந்த நாளில், காசில் முளைத்த காதில் அதே வெட்டு இருந்தது. அன்றைக்கு டெல்பின் காசைத் துணியில் வைத்துவிட்டு, பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு, வாசலுக்கு வந்து, "அக்கா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

பெர்பேத்து அக்கா வந்து பார்த்தாள். காசைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், மறுபடியும் காசைப் பார்த்தாள். "நான் பிடிச்சு விட்ட மூக்குதான்," என்று சொல்லிவிட்டு, தொலைந்த பொருள் கிடைத்துவிட்ட நிம்மதியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் வந்து போனது. யாரும் அலறவில்லை. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, காசை ஓரம் பிடித்து வாங்கி, ஜன்னலோரம் போய்ச் சாய்த்துப் பார்த்து, டெல்பின் கற்றுக்கொடுத்தபடியே மேட்டையும் பள்ளத்தையும் சரிபார்த்து, "நல்ல கண்டிஷன்," என்றார்கள். எதிர்வீட்டு எமிலியான் மாமி மட்டும் டெல்பின் அழுவதைப் பார்த்துக் கோபப்பட்டாள்.

"முகம் எங்க பிள்ள போச்சு? இடம் மாறிருக்கு, அம்புட்டுதானே. எங்க வீட்டு ஆம்பள மஸ்கட்டுல இருக்காவ, முகத்தைப் பாத்து வருசமாகுது. நான் என்ன ஒப்பாரியா வச்சேன்? உன் பிள்ள முகம் உன் வீட்டுக்குள்ளேயே இருக்கு."

"வாய் இருக்கே மாமி, அதுவும் போயிட்டா எப்படிப் பால் குடிக்கும்?"

"போகும்போது பாத்துக்கலாம். இப்பவே ஏன் வாயை வைக்க?"

பங்குச் சாமியார் வந்தார். எதன் மேல் கை வைத்து ஜெபிப்பது என்று ஒரு கணம் தடுமாறி, ஒரு கையைப் பிள்ளை தலையிலும் ஒரு விரலைக் காசின் ஓரத்திலும் வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். தையல்கடை ரூபன், வெல்வெட் துண்டில் காசுக்கு ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொடுத்தான். கண் பட்டுவிடும் என்று எமிலியான் மாமி காசின் கன்னத்தில் மையால் பொட்டு வைத்தாள். மீனுக்குப் போகிற பெண்கள் வாசலில் கூடையை இறக்கி, "சின்ன அவிலா என்ன செய்யுதா?" என்று கேட்டு, உள்ளே வந்து, மெத்தையில் கிடந்த காசைப் பார்த்து நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்பி, கை தட்டி, "சிரிக்காளே, எங்களைப் பாத்துச் சிரிக்காளே!" என்று குதூகலித்தார்கள். பக்கத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளை கைகால்களை ஆட்டிப் பார்க்கும். அதை யாரும் கொஞ்சவில்லை. வெறுத்து அல்ல, கொஞ்சுவதற்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது, முகம் மெத்தையில் இருந்தது.

இக்னேசி ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். டெல்பின் போனைப் பிள்ளையின் பக்கம் திருப்பினாள். திரையில் அவன் கண்கள் எங்கெங்கோ தேடின.

"டெல்பின், கொஞ்சம் காசைக் காட்டேன்."

"பிள்ள இங்க இருக்கு, இங்க பாருங்க."

"பாத்துட்டேன் தாயி. காசைக் காட்டு. பிள்ள முகத்தைப் பாத்து எம்புட்டு நாளாச்சு."

அவள் காசைக் காட்டினாள். அவன் கப்பலின் சத்தத்துக்கு நடுவே திரையில் உதட்டை வைத்து முத்தம் கொடுத்தான். டெல்பின் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொட்டிலுக்குப் போய், இருக்கிற கண்களில் முத்தமிட்டாள், இல்லாத மூக்கில் முத்தமிட்டாள், கோடாக மெலிந்துகொண்டிருந்த உதட்டில் உதட்டை வைத்து, அது இன்னும் அசைகிறதா என்று பார்த்தாள்.

உதடு தேயத் தொடங்கியதும் பிள்ளை மார்பைப் பற்ற முடியாமல் வழுக்கியது. வாய் வைக்கும், உறிஞ்சும், நழுவும், அழும். பாலைப் பீய்ச்சிப் பாலாடைக் கிண்ணத்தால் ஊட்டினாள். பாதி உள்ளே போனது, பாதி தாடையில்லாத தாடை வழியாக வழிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எடை பார்த்தார், எடை இறங்கியிருந்தது. காசை எடுத்துக் காட்டியதும் டாக்டரம்மா அதையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, "வாய் மூடுறதுக்குள்ள ஏதாவது பண்ணணும்மா. மூடிட்டா குழாய் போட்டுத்தான் பால் குடுக்கணும், மூக்குத் துவாரமும் சுருங்கிட்டு வருது, குழாயை எது வழியா விடுறதுன்னு யோசிக்கணும்," என்றார். அவர் குரலில் அக்கறை இருந்தது, ஆச்சரியம் இல்லை. அதுதான் டெல்பினை மேலும் பயமுறுத்தியது. ஆச்சரியப்பட ஒருவர் இருந்தால் இது நடக்கக்கூடாதது என்று ஒருவராவது நினைக்கிறார் என்று இருக்கும்.

பனிமாதா திருவிழாவுக்கு முந்தின வாரம் தெரு முழுவதும் பித்தளையைத் துலக்கும். மெழுகுவர்த்தித் தாங்கி, சிலுவை, சொம்பு, தாம்பாளம், எல்லாம் முற்றத்துக்கு வந்து, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் கவிழ்ப்பார்கள். டெல்பின் பாலாடையைக் கழுவப் பின்கட்டுக்குப் போன நேரத்தில், பெர்பேத்து அக்கா மெத்தையிலிருந்த காசைப் பார்த்தாள். பிள்ளை முகம் இப்படிக் கறுத்துக் கிடக்கிறதே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. புளியைக் கரைத்தாள். பொடியைத் தொட்டாள். வீட்டுப் பித்தளையையெல்லாம் எந்த அன்போடு தேய்ப்பாளோ அதைவிட அதிக அன்போடு, வட்டம் வட்டமாக, கன்னத்தைத் தேய்த்தாள்.

உள்ளே பிள்ளை வீரிட்டது. டெல்பின் ஓடிவந்து முதலில் தொட்டிலைப் பார்த்தாள், பிறகு முற்றத்தைப் பார்த்தாள், பெர்பேத்து அக்கா கையில் புதுச் செம்பு போல ஜொலித்த காசைப் பார்த்தாள்.

"அக்கா! காசைக் கழுவக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்!"

"காசுன்னா கழுவ மாட்டேன் பிள்ள. நம்ம பிள்ள முகம்னுதான்…" என்று பெர்பேத்து அக்கா சொன்னபோது, அவள் விரலிடுக்கில் சிவப்பாகச் செம்புக் கலங்கல் வழிந்தது.

பிள்ளை முகத்தின் இடது பக்கம் தோல் உரிந்தது போல மினுங்கியது. வெளிச்சத்தைச் சாய்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக. அதைப் பார்க்க வந்த பெண்கள், "ஏ டெல்பின், பிள்ளைக்கு என்ன இப்படி நெறம் வந்துட்டு! என்ன பவுடர் போடுத? எங்களுக்கும் சொல்லேன்," என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆன்லைனில் கழுவிய காசை நல்ல காசு என்று நம்பி வாங்குகிறவர்களை எத்தனை தடவை மனதுக்குள் ஏளனம் செய்திருக்கிறாள் அவள். இப்போது அவர்கள் எல்லாரும் அவள் வீட்டு வாசலில் நின்று அவள் பிள்ளையின் காயத்தைப் பாராட்டினார்கள். அவள் அடுப்பு மேடையில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள்.

அங்கே நின்றபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது. காசில் ஏறிய முகத்தைக் காசிலிருந்து இறக்கினால் பிள்ளைக்குத் திரும்பி வரும். ஆனால் அரத்தால் இறக்கினால் பிள்ளை முகத்தில் அரம் ஓடும். உப்பில் போட்டால் அரித்துக் குழி விழும், பிள்ளைக்கும் விழும். நெருப்பை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்து காசை நோகாமல் தேய்க்கிற பொருள் உலகத்தில் ஒன்றுதான்: கை. கை மாறிக் கை மாறிப் போகிற காசுக்குத் தன் முகம் போவதே தெரியாது. அவள் உட்கார்ந்து தன் கட்டைவிரலால் தேய்த்தாள், விரலில் கொப்புளம் வரும்வரை தேய்த்தாள். ஒரு முடிகூட மங்கவில்லை. வீட்டிலேயே கிடக்கிற காசு தேயாது. கொடுத்தால்தான் தேயும். விட்டால்தான் தேயும்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காசைக் கையில் பொத்திக்கொண்டு, ஏலக்கூடத்துக்கு நடந்தாள். படகு வந்து இறங்கிய நேரம்; ஐஸ் உடைக்கிற சத்தமும் ஏலம் கூவுகிற சத்தமும் மீன் வாடையும் ஒன்றாகக் கலந்து கிடந்த அந்தக் கூடத்தின் நடுவில் நின்று, "இந்தக் காசை எல்லாரும் கையில வாங்குங்க," என்றாள். எல்லாரும் வாங்கினார்கள். ஒருத்தி ஓரத்தைப் பிடித்து அடுத்தவளிடம் கொடுத்தாள், அவள் ஓரத்தைப் பிடித்து அடுத்தவளிடம் கொடுத்தாள், ஏலக்காரர் தோள் துண்டை விரித்து அதில் வைத்துக் கொடுத்தார். பாசமும் மரியாதையுமாகக் காசு கூடத்தைச் சுற்றிவிட்டு முகத்தில் ஒரு விரல்கூடப் படாமல் அவளிடமே திரும்பி வந்தது.

"அப்படி இல்ல! முகத்துல பிடிங்க. கட்டைவிரலை முகத்துல வச்சு அழுத்துங்க!"

"பிள்ள முகத்துலயா?" என்றாள் ஒருத்தி, வாயைப் பொத்திக்கொண்டு.

"பிள்ள முகத்துலதான்! அழுத்துங்க, தேயுங்க, இடுப்புல சொருகுங்க, மீன்கூடையில போடுங்க. நான் ஓரத்தைப் பிடிக்கச் சொன்னதெல்லாம் தப்பு. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன், தேச்சிருங்க!"

ஒருவரும் அசையவில்லை. பெர்பேத்து அக்காதான் முன்னே வந்தாள். புளி போட்ட நாளிலிருந்து அவள் யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் இருந்தாள். காசை வாங்கி, செதில் ஒட்டிய உள்ளங்கையில் வைத்து மூடி, நெஞ்சோடு அழுத்திக்கொண்டு ஒரு கூடை சாளை மீனுக்கு ஏலம் கேட்டாள். ஏலம் முடிந்ததும் விலையோடு காசையும் சேர்த்துக் கொடுத்தாள். வாங்கியவன் அதை மடியில் கட்டிக்கொண்டு அடுத்த படகுக்கு ஓடினான்.

அதுமுதல் ஏலக்கூடத்தில் அது ஒரு முறையாகிவிட்டது. யார் மீன் எடுத்தாலும் விலையோடு அவிலா காசையும் கை மாற்ற வேண்டும். வாங்கியவர் அடுத்த கை வரும்வரை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் முகத்தை நீவிக்கொண்டிருக்க வேண்டும். காசு டீக்கடைக்குப் போனது, ஆட்டோவில் போனது, உப்பு ஏற்றுகிற லாரிக்குப் போனது, தையல்கடையில் ரூபன் மெஷினை மிதித்தபடி ஒரு கையால் நீவினான். கணவன் மனைவி சண்டை போட்டால், "போய்க் கொஞ்ச நேரம் காசைப் பிடி," என்று அனுப்பினார்கள். வீட்டில் டெல்பின் பிள்ளையை ஜன்னலில் சாய்த்துப் பார்த்தாள். உதட்டில் ஒரு வளைவு திரும்பியது. மூக்கு இருந்த இடத்தில் பச்சைப் பட்டாணி அளவுக்கு ஒரு மேடு. யாரோ எங்கோ உள்ளங்கையை மூடும்போதெல்லாம் பிள்ளையின் முகம் லேசாகச் சிவந்து இளகும், அப்போது வாயை மார்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும். ஊர்க் கைகளின் சூட்டில் பால் குடித்து எடை ஏறியது. கீறல்கள் மட்டும் போகவில்லை. கீறல் கை பட்டுப் போகாது என்று அவளுக்குத் தெரியும்.

கைகள் எங்கே முடிகின்றன என்று யாருக்குத் தெரியும். ஒருநாள் ஏலக்கூடத்தில் காசு இல்லை. டீக்கடையில் கேட்டால் பஸ்ஸில் போனதாகச் சொன்னார்கள், பஸ் நிலையத்தில் கேட்டால் ஒரு வெளியூர்க்காரர் கையில் பார்த்ததாகச் சொன்னார்கள், யாரோ அதைப் படம் எடுத்ததாகவும் சொன்னார்கள். டெல்பின் முதலில் பயப்படவில்லை. பிள்ளையின் முகம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது, எங்கோ தெரியாத கைகள் தேய்த்துக்கொண்டுதான் இருந்தன. பிறகு ஒரு காலை மூக்கு ஏறவில்லை. மறுநாள் இறங்கியது. அதற்கு மறுநாளிலிருந்து இதற்கு முன் இல்லாத வேகத்தில், மணல்மேடு சரிவது போல, புருவமும் கன்னமும் காதும் ஒன்றாகச் சரிந்தன. பிள்ளை வாயைத் திறக்கப் பார்க்கும். வாய் இருந்த இடத்தில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு மட்டும் துடிக்கும்.

காசு எங்கோ கை படாமல் கிடக்கிறது.

டெல்பின் போனை எடுத்துக்கொண்டு, தான் வாங்குகிற, விற்கிற எல்லா இடங்களிலும் தேடினாள். அன்று மதியம் கிடைத்தது. கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, நான்கு பக்கமும் ஒட்டி, மேலே தரச் சீட்டு பதித்த ஒரு செப்புக் காசு. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த, நாணயமான படம். உயர்த்திய மூக்கு, உருண்ட கன்னம், மடலில் வெட்டு விழுந்த காது, லேசாகத் திறந்த உதடு. கீழே எழுதியிருந்தது: குழந்தைத் தலைச் செப்புக் காசு, மிக அரிது, கண்டிஷன் அபாரம், கையே படாதது. விற்பவர் பெருந்துறைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பன்.

எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க அம்மிணி. காசைப் பார்த்தீங்களாக்கும்?"

"சார், அந்தப் பெட்டியை உடைச்சிருங்க."

"என்னங்க?"

"உடைச்சு, காசை எடுத்துக் கையில வைங்க. முகத்துல விரலை வச்சு அழுத்துங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

அவர் சிரித்தார். "பழைய வேலைங்க இது அம்மிணி. கண்டிஷனைக் கெடுக்கச் சொல்லிப்போட்டு, அப்புறம் கெட்ட காசுன்னு வெலையக் கொறைப்பீங்க. நானும் ஆன்லைன்லதானுங்க வாங்குனேன். வந்தப்ப பாதி தேஞ்சுதான் வந்துச்சு. பெட்டியில வச்ச பொறவு என்ன மாயமோ, நாளுக்கு நாள் முகம் தெளியுது. கைக்கு ஒறை போட்டுத்தானுங்க தொட்டேன். என்ற பொண்டாட்டியக்கூட நான் அப்படிப் பார்த்துக்கல."

"நான் காசு வாங்க வரல சார்."

"பின்ன என்னத்துக்குங்க கூப்புட்டீங்க?"

கான்வென்டில் படித்த நல்ல வார்த்தைகள் எல்லாம் எங்கோ போயிருந்தன. போனை வீடியோவுக்கு மாற்றி, பிள்ளையைத் தூக்கி, ஜன்னலோரம் கொண்டுபோய், தலைக்குக் கீழே கையைக் கொடுத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தாள், எப்போதும் காசைச் சாய்ப்பது போலவே.

"உங்களுக்குக் கண்டிஷன் பாக்கத் தெரியும்ல சார். இதைப் பாத்துச் சொல்லுங்க. இது என்ன கண்டிஷன்?"

லேத்தை யாரோ நிறுத்தினார்கள். திரையில் நரைத்த மீசையும் கண்ணாடியுமாக ஒரு முகம் நெருங்கி வந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். பழக்கம் விடவில்லை போல, "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க," என்றார். அவள் திருப்பினாள். "காதைக் காட்டுங்க." காட்டினாள். காது இல்லை, வெட்டு விழுந்த அடையாளம் மட்டும் ஒரு கோடாக இருந்தது. அவர் திரும்பி, கைக்கெட்டும் தூரத்திலிருந்த பெட்டியை எடுத்து அந்தக் காதைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"தேஞ்சு போச்சே அம்மிணி," என்றார், மிக மெதுவாக. "அடக் கடவுளே, இத்தனை நாளா நான் இதைப் பூட்டியில்ல வச்சிருந்தேன். வாய் எங்கீங்க? குழந்தைக்கு வாய் எங்க?"

"மூடிட்டிருக்கு."

அவர் போனை மேசையில் சாய்த்து வைத்தார். சுத்தியல் விழுகிற சத்தம் கேட்டது, மறுபடியும் விழுந்தது, பிளாஸ்டிக் தெறித்தது. கிரீஸ் படிந்த பெரிய விரல்கள் காசை எடுத்தன. ஒரு கணம் ஓரத்தைப் பிடித்தபடியே தயங்கின.

"எங்க பிடிக்கோணும்?"

"முகத்துல. நடுவுல. நல்லா."

கட்டைவிரல் இறங்கியது. டெல்பினின் மடியில் பிள்ளையின் முகம் சிவந்தது, இளகியது. நகக் கோடு போலிருந்த இடத்தில் ஈரமாக ஒரு விரிசல் விட்டது, அதிலிருந்து பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. அவள் சட்டையை விலக்கி மார்பை அந்த விரிசலில் வைத்து அழுத்தினாள்.

"சத்தம் கேக்குதுங்க! அழுவுதா? எத்தனை நேரம் இப்படியே பிடிச்சிருக்கோணும்?"

"உங்க கைச்சூடு ஆறுறதுக்குள்ள வேற கைக்கு மாத்திருங்க சார். ஒரே எடத்துல இருந்தா தேயாது."

"அந்தக் கைக்கு அப்புறம்?"

"அதுக்கடுத்த கை."

"அதுக்கு அப்புறம் அம்மிணி?"

அவள் பிள்ளையின் தலையை மார்போடு இன்னும் சேர்த்துப் பிடித்தாள். நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் பட்டறையைக் கடந்து வாசல் பக்கம் போனது. தூரத்தில், தெருவில், அவர் யாரையோ மறித்துக் கூப்பிடுவது கேட்டது: "ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க, வண்டிய நிறுத்துங்க, கைய நீட்டுங்க. இல்லீங்க, ஓரத்துல இல்ல…" பிறகு ஒரு லாரி கடந்துபோன இரைச்சலில் குரல் கேட்கவில்லை. திரையில் ஆளில்லாத பட்டறையும், உடைந்த பெட்டியும், தரச் சீட்டும் கிடந்தன.

பிள்ளை ஒருமுறை உறிஞ்சியது. டெல்பின் அசையாமல், மூச்சுக்கூட விடாமல், அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.